மூணு மணி நேரத்த ஜெபத்துலயே விட்டோம்: அத்தைய பாத்துக்கிட்ட ரெண்டு வருஷம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்தேன். இத யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவோ மிச்சமாயிருக்கும், பணம் மட்டும் இல்ல. நாங்க பாளையங்கோட்டை பக்கம், சிஎஸ்ஐ சபை, எங்க தாத்தாவுக்கு தாத்தா காலத்துலேந்து கிறிஸ்தவங்க. ஜெபம்ங்கிறது எங்க வீட்ல சோறு தண்ணி மாதிரி. எழும்பின உடனே ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பயணம் கெளம்பும்போது ஒண்ணு, ராத்திரி குடும்ப ஜெபம். எங்க அத்தை (வீட்டுக்காரரோட அம்மா) உலைக்கு அரிசி அளக்குறப்போ ஒரு கைப்பிடி எடுத்து தனி டப்பால போடுவாங்க, அது காணிக்கை அரிசி, மாசக் கடைசில சபைக்கு போகும். அந்தக் கைய டப்பா மேல விரிக்கிற நேரத்துல அவங்க உதடு லேசா அசையும். பதினஞ்சு வருஷமா பாத்திருக்கேன், என்ன சொல்றாங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப கேக்க முடியாது, அவங்களால பேச முடியாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆகஸ்ட் மாசம், ஒரு ஞாயித்துக்கிழம. முதல் ஆராதனைக்கு கெளம்புறதுக்காக அத்தை அஞ்சு மணிக்கே எழும்பி காப்பி போட்டு எனக்கும் குடுத்தாங்க. ஆறேகாலுக்கு சேலை கட்டிட்டு இருந்தவங்க கட்டில்ல உக்காந்துட்டாங்க, வாய் ஒரு பக்கமா இழுத்துட்டு இருந்துச்சு, வலது கைல முந்தான நிக்கவே மாட்டேங்குது, நழுவி நழுவி விழுது, என்னமோ சொல்ல வந்தாங்க ஆனா சத்தம்தான் வந்துச்சு சொல்லு வரல. வீட்டுக்காரர் மஸ்கட்ல, வீட்ல நானும் எட்டாங்கிளாஸ் படிச்ச என் மகளும்தான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா, எண்ணெய் எடுத்து அவங்க நெத்தில பூசிட்டு முழங்கால் போட்டேன். பக்கத்து வீட்டு அக்காவ கூப்பிட்டேன், அவங்க இன்னும் நாலு பேர கூட்டிட்டு வந்தாங்க, எல்லாரும் சுத்தி நின்னு சத்தமா ஜெபம் பண்ணுனோம். நடுவுல ஒருத்தங்க அத்தை வாயில தண்ணி ஊத்துனாங்க, அது பொறை ஏறி இருமுனாங்க. "கொஞ்சம் தெளிவா இருக்காங்க"ன்னு யாரோ சொன்னாங்க, நம்பணும்னு ஆசையா இருந்துச்சு, நம்பிட்டேன். 108க்கு போன் போடுறப்போ மணி ஒம்பது. ஆஸ்பத்திரில சேக்கும்போது பத்தேகால்.

ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி "கடைசியா நல்லா இருந்தது எத்தன மணிக்கு". அஞ்சு மணின்னேன், அந்தக் காப்பிய நெனச்சு. மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல கட்டி அடைச்சிருக்கு, அத கரைக்கிற ஊசி நாலர மணி நேரத்துக்குள்ள போடணும், அந்த நேரம் கடைசியா நல்லா இருந்த நேரத்துலேந்து கணக்கு, இப்ப தாண்டிருச்சுன்னு சொன்னார். திட்டல, சாதாரணமாத்தான் சொன்னார், அதான் இன்னும் வலிச்சுது. ஊசி போட்டிருந்தா எல்லாம் சரியாயிருக்கும்னு யாரும் உறுதி சொல்ல முடியாதுன்னும் சொன்னார். ஆனா அந்த வாய்ப்ப அத்தைக்கு குடுக்காம விட்டது நான்தான். இத படிக்கிறவங்க ஒண்ணே ஒண்ண மனசுல வச்சுக்கோங்க, முகம் கோணினா, ஒரு பக்கம் கை தூக்க வரலன்னா, பேச்சு குழறுனா, எதுக்கும் காத்திருக்காம 108 அடிங்க, கடைசியா நல்லா இருந்த மணிய ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, வாயில தண்ணியோ காப்பியோ மாத்திரையோ எதுவும் குடுக்காதீங்க. ஜெபத்த ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பண்ணலாம், ஆம்புலன்ஸ்க்குள்ளயும் பண்ணலாம். பைபிள்ல எசேக்கியா ராஜா வியாதில படுத்தப்போ அழுது ஜெபம் பண்ணுனாரு, கர்த்தர் கேட்டாரு, அதே அதிகாரத்துல ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடைய கொண்டுவந்து பிளவை மேல பத்துப் போடச் சொல்றாரு. ஏசாயா 38, எடுத்துப் பாருங்க. எத்தன தடவ வாசிச்சிருப்பேன், அந்த அத்திப்பழ மருந்து என் கண்ணுல பட்டதே இல்ல.

பதினொரு நாள் ஆஸ்பத்திரி, ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். வீட்டுக்காரர் மூணு வாரம் லீவு போட்டு வந்துட்டு போயிட்டாங்க, போகலன்னா வேல போயிரும், வேல போனா கடன் அடைக்க முடியாது. அத்தைக்கு வலது பக்கம் முழுசா போச்சு, பேச்சு போச்சு, மூக்குல ட்யூப், யூரின் பை, டயாப்பர். நான் வீட்ல வச்சு தச்சுக் குடுத்து மாசம் ஏழு எட்டாயிரம் பாத்துட்டு இருந்தேன், அதுவும் நின்னுச்சு. அப்ப நான் பண்ணுன ஜெபம் எல்லாம் பேரம்தான். இத செஞ்சா அத செய்றேன் ஆண்டவரே, தலமுடி குடுக்குற பழக்கம் நமக்கு இல்ல ஆனா கிட்டத்தட்ட அதே மாதிரிதான் நானும் பேசிட்டு இருந்தேன்.

அந்த நேரத்துலதான் ஜெபிச்சு குணமாக்குறோம்னு சொல்ற ஒரு ஊழியத்தப் பத்தி தெரிஞ்சவங்க சொன்னாங்க. பேரு வேண்டாம். போன்ல பேசுனேன், அழுதேன், அவங்களும் உருக்கமா ஜெபிச்சாங்க, கடைசில "ஒரு விதை விதைங்க சிஸ்டர்"னாங்க. விதைன்னா அந்த ஊழியத்துக்கு குடுக்குற பணம், எழுபத்தஞ்சாயிரம். விசுவாசத்தோட விதைச்சா அத்தை எழும்பி நடப்பாங்கன்னு. என் தாலிக்கொடிக்கு அடுத்தபடியா இருந்த ஒரே நகை அஞ்சு பவுன் சங்கிலி, எங்க அம்மா போட்டது. அத அடகு வச்சேன், வீட்டுக்காரர்கிட்ட சொல்லல. அத்தைய கார்ல படுக்க வச்சு ரெண்டு தடவ கூட்டத்துக்கு கொண்டு போனேன். போயிட்டு வந்த செலவு, அடகு வட்டி எல்லாம் சேத்து தொண்ணூத்தி நாலாயிரத்த தாண்டிச்சு. ஒண்ணும் நடக்கல. திரும்ப போன் போட்டப்போ "வீட்டுக்குள்ள ஏதோ பாவம் மறஞ்சிருக்கு, உங்களுக்கு விசுவாசம் பத்தல, விசுவாசம் இருந்தா இன்னும் ஏன் மாத்திர குடுக்குறீங்க"ன்னு கேட்டாங்க. நான் அஞ்சு நாள் அத்தையோட பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டேன். ஆறாவது நாள் முகமெல்லாம் செவந்து துடிச்சாங்க, பக்கத்து கிளினிக் நர்ஸ் வந்து பாத்தா 190க்கு 110. இன்னொரு அடைப்பு வந்திருந்தா அது என் கையால வந்ததா இருந்திருக்கும். அத நெனச்சா இப்பவும் வயிறு கலங்குது.

ஜெபிக்கிறவங்க எல்லாரும் இப்படின்னு நான் சொல்ல வரல, தப்பா எடுத்துக்காதீங்க. யாக்கோபு நிருபத்துல சபை மூப்பர கூப்பிட்டு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கு, எங்க ஐயரும் (சபைப் போதகர நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து பூசி ஜெபிச்சார், ஒரு காப்பி கூட வாங்கிக்கல. ஆனா ஜெபத்துக்கு ஒரு ரூபா விலை சொன்னாலும், மாத்திரைய நிறுத்துன்னாலும், குணமாகலைன்னா உன் மேலதான் தப்புன்னாலும், வீட்டு ஆளுக்குத் தெரியாம ரகசியமா குடுன்னாலும் அங்கயே போன வச்சிருங்க. தன் உடம்புல முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்த ஒரு பாடு எடுபடணும்னு அப்போஸ்தலர் பவுல் மூணு தரம் வேண்டிக்கிட்டாரு, எடுபடல. அவருக்கு விசுவாசம் பத்தலன்னு யாரு சொல்லப் போறா?

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எனக்கு ஜெபமே வரல. முழங்கால் போட்டா தூக்கம் வரும் இல்ல கோவம் வரும். ஆலயத்துக்கும் போகல, அத்தைய விட்டுட்டு எப்படி போறதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், உண்மை அது இல்ல. அந்த ரெண்டு மாசத்துல அத்தைக்கு முதுகுக்குக் கீழ படுக்கைப் புண் வந்துருச்சு. ஒரு ரூபா அளவுல செவப்பா ஆரம்பிச்சுது, நான் பவுடர் போட்டுட்டு விட்டுட்டேன், ஒரே வாரத்துல தோல் உரிஞ்சு குழியாயிருச்சு. டிரஸ்ஸிங் பண்ண வந்த நர்ஸ் தங்கச்சிதான் சொல்லிக் குடுத்துச்சு, பகல் ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பிப் போடணும், இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம், முழங்கால் ரெண்டுக்கும் நடுவுல தலகாணி, குதிங்கால் மெத்தைல படாம தூக்கி வைக்கணும், காத்து ஏறி இறங்குற ஏர் பெட் வாங்குங்கன்னு. ட்யூப்ல கஞ்சி ஊத்துறப்போ தலைமாட்ட உசத்தி வச்சு, ஊத்தி முடிச்சும் அரை மணி நேரம் அப்படியே விடணும். இதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்னைக்கே ஒரு பேப்பர்ல எழுதி வாங்கியிருக்கணும், நீங்க வாங்கிருங்க. நான் போன்ல ரெண்டு மணிக்கொரு அலாரம் வச்சேன்.

எங்க சபைல ரிட்டயர்டான ஒரு டீச்சரம்மா இருக்காங்க, எம்பது வயசு தாண்டிருச்சு, கம்ப ஊனிட்டு வந்தாங்க. வந்தவங்க அத்தை கைய பிடிச்சுட்டு சும்மா உக்காந்திருந்தாங்க. நான் வாய விட்டு அழுது எனக்கு ஜெபம் வரலைம்மான்னு சொன்னேன். "வரலன்னா விடு, சங்கீதத்த எடுத்து வாசி, சங்கீதக்காரன் எழுதி வச்சிருக்கான்ல, அத உன் வாயால சொல்லு, போதும்"னாங்க. சங்கீதம்ங்கிறது பைபிள்ல இருக்குற ஜெபப் பாட்டுங்க, அதுல 13ஆம் சங்கீதத்தக் காட்டுனாங்க, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்". அப்புறம் 88. அத வாசிச்சு முடிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, மத்த புலம்பல் சங்கீதம் பெரும்பாலும் கடைசில ஒரு நம்பிக்கைல வந்து நிக்கும், இதுல அதுவும் இல்ல, சிநேகிதங்க எல்லாம் தூரமாப் போயிட்டாங்கன்னு சொல்லி அப்படியே முடியுது. வேதத்துக்குள்ள இப்படி ஒரு ஜெபத்த வச்சிருக்காருன்னா, என் கோவத்தையும் அவர் கேக்க மாட்டேன்னு சொல்லலைன்னு தோணுச்சு. கோவத்த மறச்சு அழகா ஜெபிக்கப் பாத்துத்தான் எனக்கு வாயடைச்சுப் போயிருந்துச்சு.

அன்னைலேந்து அலாரத்தையும் சங்கீதத்தையும் ஒண்ணா கட்டிட்டேன். அலாரம் அடிக்கும், அத்தைய திருப்புவேன், முதுகப் பாப்பேன், தேங்காண்ண தொட்டு லேசா தேய்ப்பேன், செவந்த எடத்த மட்டும் தேய்க்காம விட்டுருவேன், அந்த நேரத்துக்குள்ள ஒரு சங்கீதம். தனியா ஜெப நேரம்னு ஒண்ணு கெடையாது, கை வேல செய்யும் வாய் சொல்லும். "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" முறையிடுவேன்னு 55ஆம் சங்கீதத்துல வருது, தானியேல் ஒரு நாளைக்கு மூணு வேளை ஜன்னலத் தொறந்து வச்சு ஜெபிச்சாரு. எனக்கு பன்னெண்டு வேளை. 150 சங்கீதம், பன்னெண்டால வகுத்தா பன்னெண்டர நாள்ல முடிஞ்சு திரும்ப ஒண்ணுலேந்து. 119 மட்டும் ரொம்ப நீளம், அத துண்டு துண்டா பிரிச்சுக்குவேன். உங்களுக்கும் தினம் திரும்பத் திரும்ப வர்ற ஒரு வேல இருக்கும்ல, பாத்திரம் கழுவுறதோ பஸ்ஸுக்கு நிக்கிறதோ, அதோட சேத்து கட்டிருங்க. நேரம் கெடைக்கிறப்போ ஜெபிப்போம்னு விட்டா நேரம் கெடைக்காது, எனக்கு கெடைக்கல. புண் ஆற மூணு மாசம் ஆச்சு. அது டிரஸ்ஸிங்காலயும் திருப்பிப் போட்டதாலயும் ஆறுச்சு, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு கசக்காம எந்திரிக்க வச்சது சங்கீதம்தான், எனக்கு அது தெரியும்.

இப்ப சொல்லப் போறத நான் எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பேன்னு தெரியல. நவம்பர் மாசம் ஒரு சாயங்காலம், எனக்கு ரொம்ப அசதி, சங்கீதம் வாசிக்க கண்ணாடிய தேட கூட தெம்பு இல்ல, சரின்னு அத்தைய திருப்பிட்டே "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு, இயேசு சொல்லிக் குடுத்த கர்த்தருடைய ஜெபத்த ஆரம்பிச்சேன். ரெண்டாவது வரில ஒரு கரகரப்பு கேட்டுச்சு. "ராஜ்யம் வருவதாக". அத்தை! மூணு மாசமா "ஆ" "ம்" தவிர ஒண்ணும் வராத வாய். நான் நிறுத்திட்டேன், அவங்களும் நிறுத்திட்டாங்க. திரும்ப ஆரம்பிச்சேன், திரும்ப கூடவே வந்தாங்க, அங்கங்க மழுங்குது ஆனா சொல்லு வருது. முடிச்ச உடனே "அத்தை தண்ணி வேணுமா"ன்னு கேட்டேன், பதில் "ஆ"தான். மகள கத்திக் கூப்பிட்டேன், மூணு பேரும் அழுதோம்.

பேச்சுப் பயிற்சி குடுக்குறவங்ககிட்ட சொன்னப்போ அவங்க ஆச்சரியப்படல. மூளையோட இடப்பக்கம் அடிபட்டு பேச்சு போனவங்களுக்கு புதுசா வாக்கியம் சேக்குறதுதான் கஷ்டம், வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லி பழகுனது, எண்ணுறது, ஜெபம், பாட்டு இதெல்லாம் பலருக்கு தங்கியிருக்கும்னு விளக்குனாங்க. அதனால அத்தைக்கு நல்லாத் தெரிஞ்ச கீர்த்தனை ராகத்துல "தண்ணி வேணும்" "வலிக்குது" இந்த மாதிரி சின்ன சொல்ல பாடிப் பழக்கச் சொன்னாங்க. இப்ப அத்தை தண்ணி கேக்குறது பாட்டாத்தான் கேப்பாங்க. இது அற்புதமா மருத்துவமான்னு என்கிட்ட ரெண்டு பக்கத்துலயும் வாதாட வந்தாங்க. அறுபது எழுபது வருஷமா தினம் தினம் சொன்ன ஜெபம், மத்த எல்லா சொல்லும் போனப்புறமும் அவங்ககிட்ட மிச்சமிருந்துச்சு. எனக்கு அதுக்கு மேல விளக்கம் தேவப்படல. நீங்க யாரையாவது இப்படிப் பாத்துக்கிட்டா, அவங்களுக்கு பழக்கமான ஜெபத்தயும் பாட்டையும் காது பக்கத்துல சொல்லிப் பாருங்க, பதில் வரலன்னாலும் விடாதீங்க, பேச்சுப் பயிற்சிய சீக்கிரம் ஆரம்பிங்க, நான் அதுலயும் லேட்டு.

அந்த ஜெபத்தையே தினம் பன்னெண்டு தடவ சொல்லிட்டு இருந்தப்போ இன்னொண்ணு உறுத்துச்சு. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்". எங்களுக்கு. எங்கள் பிதாவே. ஒரு எடத்துலயும் "எனக்கு"ன்னு இல்ல. நான் ஆறு மாசமா எனக்கு எனக்குன்னு ஒத்தைல கெடந்து அழுதுட்டு இருந்தேன். "ஜெபிச்சுக்குறோம்"னு சொல்லிட்டுப் போன சபை ஜனங்க மேல எனக்கு உள்ளுக்குள்ள பெரிய கசப்பு, ஒருத்தராவது வந்து அரை மணி நேரம் உக்காந்தாங்களான்னு. ஆனா நான் யாருகிட்டயும் வாங்கன்னு கேக்கவே இல்ல. ஐயரம்மாகிட்ட (போதகரோட மனைவி) போன் போட்டு, புதன்கிழம ரெண்டு மணிலேந்து நாலு மணி வரைக்கும் யாராவது அத்தை பக்கத்துல உக்காரணும், ஒரு தடவ திருப்பிப் போட எனக்கு கை உதவி வேணும்னு சொன்னேன். சொல்லும்போது கூச்சத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு. அந்த வாரமே ரெண்டு பேர் வந்தாங்க, இன்னைக்கு வரைக்கும் முறை வச்சு வர்றாங்க. எங்களுக்காக ஜெபிங்கன்னு பொதுவா சொல்லாதீங்க, என்ன கெழம, எத்தன மணி, என்ன வேலன்னு சொல்லிக் கேளுங்க. அதே மாதிரி யாருக்காவது ஜெபிச்சிட்டு எந்திரிக்கிறப்போ, நான் இதுல எத கைல எடுக்கலாம்னு ஒரு கேள்வி கேட்டுட்டு எந்திரிங்க.

சங்கிலி விஷயத்த வீட்டுக்காரர்கிட்ட சொன்னதும் அப்புறம்தான். தினம் ராத்திரி ஒம்பது மணிக்கு வீடியோ கால்ல குடும்ப ஜெபம், அங்க ஏழரை மணி, வேல முடிஞ்சு ரூமுக்கு வந்திருப்பாங்க. பத்து நிமிஷம்தான், ஒருத்தர் வாசிப்போம், ஆளுக்கு ஒண்ணு ஜெபிப்போம். ஒரு நாள் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்"ங்கிற எடத்துல எனக்கு தொண்ட அடச்சு, அங்கயே எல்லாத்தையும் கொட்டிட்டேன். ரெண்டு நாள் பேசல அவங்க. மூணாவது நாள் ஒம்பது மணிக்கு கால் வந்துச்சு, திட்டுனாங்க, அப்புறம் ஜெபிச்சோம். மகளும் ஒரு நாள் "ஆண்டவரே எனக்கு ஆச்சி ரூம் நாத்தம் பிடிக்கல, ஆனா ஆச்சிய பிடிக்கும்"னு ஜெபிச்சா. நான் அதட்டப் போனேன், அவங்க அங்கேந்து விடு விடுன்னாங்க. பிள்ளைங்க ஜெபத்த திருத்தாதீங்க, அது மனசுல உள்ளத சொல்ற எடமா இருக்கட்டும்.

ஒரு புதன்கிழம, எனக்கு கெடச்ச நேரத்த இன்னும் கொஞ்சம் நீட்டி வாங்கிட்டு டோனாவூருக்கு பஸ் ஏறிப் போனேன், களக்காடு பக்கம், மலையடிவாரம். அங்க குழந்தைங்களுக்கு இல்லம் நடத்துன அயர்லாந்து மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மா பத்தி ஓய்வுநாள் பள்ளில படிச்சதுதான், சின்னப் பிள்ளைல நீலக் கண்ணு வேணும்னு ஜெபிச்சுட்டு தூங்கி, காலைல கண்ணாடில பாத்தா அதே பழுப்புக் கண்ணு. பின்னால நம்ம ஊருல சேல கட்டி ஜனங்களோட ஜனமா நடந்து குழந்தைங்கள மீட்டப்போ அந்தக் கண்ணுதான் உதவுச்சு. ஆனா எனக்கு அப்ப தேவப்பட்டது அந்த கத இல்ல. 1931ல அவங்க கீழ விழுந்தாங்க, 1951ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் தன்னோட அறையிலயும் படுக்கையிலயும்தான். கிட்டத்தட்ட இருவது வருஷம். சுத்தி அவ்வளவு பேரு ஜெபிச்சிருப்பாங்க. கல்லறைக்கு கல்லு கூட வேண்டாம்னுட்டாங்க, பறவைக்கு தண்ணி வைக்கிற ஒரு தொட்டிதான் நிக்குது, அதுல அம்மாங்கிற அர்த்தத்துல ஒரு சொல்லு மட்டும் எழுதியிருக்கு. அந்த மரத்தடில நின்னப்போதான் எனக்கு விசுவாசம் பத்தலன்னு போன்ல சொன்ன அந்த வார்த்த என்ன விட்டுப் போச்சு.

இன்னைக்கும் அத்தை படுக்கைலதான். வலது கைல ரெண்டு விரல் அசையுது, ட்யூப் எடுத்தாச்சு, கொழஞ்ச சாதம் ஊட்டுனா முழுங்குறாங்க. சங்கிலிய போன மாசம்தான் மீட்டேன். காணிக்கை அரிசி டப்பாவ அவங்க பக்கத்துல கொண்டு போயி, அவங்க இடது கைல ஒரு பிடி குடுத்து நான் கைய பிடிச்சு டப்பால போட வைக்கிறேன், உதடு பழைய மாதிரியே அசையுது. போன வாரம் ராத்திரி ரெண்டு மணி அலாரத்துக்கு எந்திரிச்சு திருப்பிப் போட்டுட்டு, கட்டில் சட்டத்துல தலைய சாச்சு கர்த்தருடைய ஜெபத்த ஆரம்பிச்சேன், பாதில எங்கயோ அப்படியே தூங்கிட்டேன். ஏதோ சத்தம் கேட்டு முழிச்சேன். அத்தை என் தலைல இடது கைய வச்சுட்டு, நான் விட்ட எடத்துலேந்து தனியா சொல்லிட்டே போயிட்டு இருந்தாங்க. "மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே"ன்னு முடிச்சு, நான் ஆமென் சொல்றதுக்காக நிறுத்திட்டு என்னப் பாத்தாங்க.